மலைக்கு ஒங்க மேனேஜரைத் தெரியாது மருமகனே

வாங்க மருமகனே, வாங்க தாயி, வாடா பேராண்டி, வா பேத்தி. பத்தரை மணிக்கே குரங்கணிக்கு வந்து சேந்துட்டீகளே, கெட்டிக்காரவுகதான். எங்க ஊரு ஆளுக மலைக்குப் போறதுன்னா கோழி கூவ எந்திரிச்சு, வெயில் ஏறுறதுக்குள்ள பாதி ஏத்தத்த முடிச்சிருவாக. அதுக கெடக்குதுக, வெவரம் தெரியாத சனம். நீங்க அப்படியா? போடியில ஓட்டல் தொறக்குற வரைக்கும் இருந்து, பூரிக்கிழங்கு சாப்புட்டு, வளைவுக்கு வளைவு வண்டிய நிப்பாட்டி, வாந்தியெடுத்த பிள்ளைக்கு எலுமிச்சம்பழம் மோக்கக் குடுத்து, நிதானமா வந்திருக்கீக. மலை எங்க ஓடிப் போயிரப் போகுது? அது அங்கனயேதான் கெடக்கும். பொழுதுதான் கெடக்காது.

டாப் ஸ்டேசன் மொகடு வரைக்கும் ஏறி, மொகட்டோடயே கொஞ்ச தூரம் நடந்து, காத்து வாங்கி, படம் புடிச்சுட்டு, சாயங்காலத்துக்குள்ள எறங்கிறணுங்கிறீக. தாராளமா செய்யலாம். இங்கருந்து ஏறுனா நடுவுல சென்ட்ரல் ஸ்டேசன், அதுக்கு மேல டாப் ஸ்டேசன். பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர்தான். மெட்ராசுல நீங்க தெனமும் ஆபீசுக்குப் போற தூரங்கூட இருக்காது. என்ன, அங்க ரோடு படுத்துக் கெடக்குது, இங்க எந்திரிச்சு நிக்குது. சுமார் ஆயிரம் மீட்டர் ஏத்தம். அதையும் இன்னைக்கே ஏறி இன்னைக்கே எறங்கப் போறீக. நல்லா இருங்க.

அது என்னா மருமகனே, முதுகுல ஒரு மூட்டை, வயித்துப் பக்கம் ஒரு மூட்டை? பிரிங்க, பாப்போம். சிப்சு பாக்கெட்டு பன்னெண்டு. கலர்த் தண்ணி ரெண்டு பெரிய பாட்டில். பாட்டுப் பொட்டி ஒண்ணு. மடக்கு நாற்காலி ரெண்டு. நாற்காலியா! மலை மேல உக்கார எடமில்லேன்னு எந்தப் புண்ணியவான் சொன்னான்? குடிக்கிற தண்ணி மட்டும் ஒரே ஒரு லிட்டர் இருக்கு, அதுவும் பாதி காலி. சரிதான். எது கனமோ அதை எடுத்து வச்சிருக்கீக, எது தேவையோ அதை வீட்டுல வச்சிருக்கீக.

இம்புட்டுச் சாமானோட போறதுக்கு நீங்க நூறு வருசத்துக்கு முந்தி வந்திருக்கணும். அப்ப இந்த மலையில கம்பிவடம் ஓடுச்சு. நெசமாத்தான். மூணாறு எஸ்டேட்டுத் தேயிலைய குண்டளைப் பள்ளத்தாக்கு வழியா டாப் ஸ்டேசனுக்குக் கொண்டாற 1902-ல ஒத்தத் தண்டவாளம் போட்டாக. அதுல வண்டிய இழுத்தது மாடு. 1908-ல அதையும் மாத்தி, ரெண்டடி அகலத் தண்டவாளம் போட்டு குட்டி ரயிலே விட்டுட்டாக. டாப் ஸ்டேசன்லேருந்து தேயிலைப் பொட்டி கம்பிவடத்துல தொங்கிக்கிட்டே இந்தா இருக்குற கொட்டகுடிக்கு எறங்கும். அங்கருந்து வண்டியில போடி, அப்புறம் ரயிலு, கப்பலு, கடைசியில சீமை. மொட்டை மலைக்கு ஸ்டேசன்னு பேரு வந்த கதை இதுதான். இப்ப நம்ம சின்னப் பேராண்டி மேல போனா ரயில் பாக்கலாமான்னு கேட்டானே, அவன் நூறு வருசம் பிந்திக் கேக்குறான், வேற ஒண்ணும் தப்பில்ல.

அந்த ரயிலு என்னாச்சுன்னா, 1924 ஜூலையில ஒரு மழை பேஞ்சுச்சு. கேரளாக்காரவுக அத இன்னமும் தொண்ணூத்தொம்பது வெள்ளம்னு சொல்லுவாக, அவுக கொல்லம் ஆண்டுக் கணக்குல அது 1099. தண்டவாளம், பாலம் எல்லாத்தையும் வழிச்சு வாரிக்கிட்டுப் போயிருச்சு. அதுக்கப்புறம் அங்க ரயிலே விடல. இந்தியாவையே ஆண்ட வெள்ளைக்காரன்கிட்ட மலை ஒரு வார்த்தை கேக்கல மருமகனே. நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு ஒங்க மேனேஜர் மீட்டிங்கு வச்சிருக்காருங்கிறது அதுக்கு எப்படித் தெரியும்?

சரி, கெளம்புறதுன்னே வச்சுக்குவோம். யாரு முன்னால போறது? நீங்களா? அதான பாத்தேன். குடும்பத் தலைவர் முன்னால, குடும்பம் பின்னால. எனக்கு அந்தக் காட்சி மனப்பாடம். மொத அரை பர்லாங்கு விறுவிறுன்னு ஏறுவீக. ஒரு வளைவுல போயி நின்னு இடுப்புல கை வச்சுக்கிட்டு, "என்ன, இதுக்கே மூச்சு வாங்குது?"ன்னு சத்தம் குடுப்பீக. பின்னால தாயி ஒரு கையில சின்னவனையும் ஒரு கையில பையையும் பிடிச்சு இழுத்துக்கிட்டு மூச்சிரைக்க வந்து சேரும். அது வந்து சேந்த அந்த நிமிசமே, "சரி, போலாமா?"ன்னு நீங்க கெளம்பிருவீக. நீங்க வளைவுக்கு வளைவு உக்காந்து எந்திரிச்சவுக, அது ஒரு தடவைகூட நிக்காத மனுசி. இப்படி நாலு வளைவு போனா அஞ்சாவது வளைவுல சண்டை வரும். சண்டை எதுக்கு வந்துச்சுன்னு கேட்டா ஒங்க கல்யாணத்துல போட்ட பந்தி வரைக்கும் போகும். மலை மேல நடக்குற சண்டையில பாதி கால்வலிச் சண்டைதான், காரணம் அப்புறமா தேடிப் புடிக்கிறது.

அதனால சின்னவன முன்னால விடுங்க. அவனுக்கு எம்புட்டுக் காலோ அம்புட்டுத்தான் ஒங்க எல்லாருக்கும் காலு. அவன் பூச்சியப் பாத்தா நீங்களும் பூச்சியப் பாருங்க. அவன் கல்ல எடுத்தா நீங்களும் நில்லுங்க. கடைசியில நீங்க வாங்க. தலைவருன்னா கடைசியிலதான் வரணும், எவன் பின்தங்குறான்னு அப்பத்தான் தெரியும். இந்த மலை ஊரு முதுவாக்குடிக்காரவுக எறங்கி வர்றதப் பாத்தீகன்னா தெரியும், எவரும் எவரையும் முந்துறதில்ல, சுமையோட வர்றாக, பேசிக்கிட்டே வர்றாக. பேச முடியாத வேகத்துல ஏறுனா அது ஒங்களுக்கு ஒத்துவராத வேகம். பேசுறதுன்னா போன்ல இல்ல.

இன்னொண்ணு. நீங்க மொகடு மொகடுன்னு சொல்றீகளே, இங்கருந்து தெரியுதே பச்சையா, வழவழன்னு, அதுதான் உச்சின்னு நெனைப்பீக. ஏறிப் பாத்தா அதுக்குப் பின்னால ஒண்ணு நிக்கும். அதுலயும் ஏறுனா இன்னொண்ணு. மாமனார் வீட்டுச் சீர் மாதிரி, முடிஞ்சுச்சுன்னு மூச்சு விடுறப்பதான் அடுத்தது வரும். "இந்தா வந்துருச்சு, இந்தா வந்துருச்சு"ன்னு பிள்ளைகட்ட பொய் சொல்லாதீக. ரெண்டாவது பொய்யிலேயே அதுக கண்டுபிடிச்சிரும். மூணாவதுக்கு அதுக உக்காந்துரும், அப்புறம் தோள்ல தூக்கிக்கிட்டு ஏற வேண்டியது நீங்கதான்.

மணிக்கட்டுல கட்டியிருக்கீகளே, நாடி பாக்குது, நடை எண்ணுது, தூக்கம் எண்ணுதுன்னு சொல்ற கடியாரம். அதுல மணியும் காட்டுமா? காட்டும்னா நல்லது. ஒரு மணின்னு ஒண்ண மனசுல முடிஞ்சு வச்சுக்கங்க. ஒரு மணிக்கு நீங்க எங்க நிக்கிறீகளோ அதுதான் ஒங்க டாப் ஸ்டேசன். அங்கனயே உக்காந்து சோத்தத் தின்னுட்டுத் திரும்பிறணும். "இன்னும் கொஞ்சந்தான், வந்ததுக்கு முழுசாப் பாத்துட்டே போயிருவோம்"னு ஒங்க வாய் வரும். நீங்க கட்டியாந்த புளிச்சோத்துல ஒரு உருண்டைய அந்த வாய்க்குக் குடுத்து அடைச்சிருங்க தாயி.

ஏன்னு கேக்குறீகளா? கடியாரம் ஆறு மணிக்குத்தான் பொழுதடையும்னு சொல்லும். அது மெரினாவுக்குச் சரி. நம்ம குரங்கணி மலைக்குக் கிழக்க இருக்கு. சூரியன் எறங்குறது மொகட்டுக்கு அங்கிட்டு, கேரளாவுல. வெளிச்சத்த அவுக வச்சுக்கிட்டு நெழல நமக்குத் தள்ளிவிட்டுருவாக. மரத்தடிப் பாதையில வெள்ளனவே இருட்டு கட்டிரும். அப்ப எறங்குறதுதான் வேலையே. ஏத்தம் மூச்சப் புடிக்கும், எறக்கம் முட்டியப் புடிக்கும். மூச்சு செத்த நேரம் உக்காந்தா சரியாயிரும், முட்டி போடி ஆசுபத்திரி வரைக்கும் கூடவே வரும். விழுறவுகள்ல பாதிப்பேரு எறங்குறப்பதான் விழுறாக. ஏறி முடிச்சுட்டோங்கிற தெனாவெட்டு ஒரு பக்கம், சோந்த காலு ஒரு பக்கம்.

இது ஐப்பசி மாசம் வேற. காலையில வானம் கழுவிவிட்ட தட்டா இருக்கும், உச்சிப் பொழுது தாண்டுனா எங்கருந்தோ கருக்கல் ஏறும். மொகட்டுல நிக்கிறப்ப இடிச் சத்தம் கேட்டா அது எந்த ஊர்ல இடிக்குதுன்னு ஆராய்ச்சி பண்ணாதீக. மொட்டைப் புல்லுல ஒசரமா நிக்கிறது நீங்க மட்டுந்தான், மின்னலுக்கு அது போதும். ஒத்த மரத்தடிக்கும் ஓடாதீக. மொகட்ட விட்டுப் பள்ளத்துப் பக்கம் எறங்கிருங்க, அம்புட்டுத்தான். செல்பிக்கு ஒரு கம்பி வச்சிருக்கீகளே, அத மொதல்ல மடக்குங்க.

மஞ்சு எறங்குச்சுன்னா இன்னும் வேடிக்கை. பத்தடியில நிக்கிற பொஞ்சாதி தெரியாது. சில பேருக்கு அது நிம்மதின்னாலும் பாதையும் தெரியாதே. அப்ப நடக்காதீக. எல்லாரும் ஒண்ணா உக்காருங்க. மஞ்சு வந்த வேகத்துல போகும், ஆளு போனா தேடணும். போன்ல மேப்பு இருக்குன்னு நீட்டாதீக. டவர் கெடைக்காம அது தேடித் தேடியே பேட்டரியத் தின்னு தீத்துரும். மாட்டுத்தடம் எது, மனுசத்தடம் எதுன்னு அதுக்குத் தெரியாது. நடந்து போறப்ப இடுப்பு ஒசரத்துல கொடியும் கிளையும் குறுக்க மறிச்சுக்கிட்டே வந்துச்சுன்னா, பெரும்பாலும் அது நாலு கால்ல போறவுக போட்ட பாதை. திரும்பி வந்த வழியே வாங்க.

தண்ணிக்கு வருவோம். "மலையில ஊத்து இருக்கும், அருவி இருக்கும், புடிச்சுக்கலாம்"னு பாதி பாட்டிலோட வந்திருக்கீக. தண்ணி பள்ளத்துக்குப் போறது ஒங்களுக்குத் தெரியாததில்ல, ரெண்டு பட்டம் வாங்குனவுக. ஊத்து, ஓடை எல்லாம் மலை மடிப்புல, கீழ. மொகட்டுல நடக்குறவனுக்கு வலது பக்கமும் தண்ணி தெரியும், எடது பக்கமும் தண்ணி தெரியும், குடிக்க ஒரு மடக்கு இருக்காது. காத்து அடிச்சு வேர்வைய ஒடனுக்குடன் காய வச்சிரும், அதனால தாகமே தெரியாது. தெரியறப்ப தலை சுத்தும். ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி. நாற்காலிய எறக்குனா ரெண்டு லிட்டர் தூக்கலாம், கணக்கு சரியாப் போகும்.

ஜீன்சு போட்டிருக்கீக, அழகாத்தான் இருக்கு. நனைஞ்சா கனம், நனைஞ்சு காத்துல நின்னா குளிரு. ஆயிரம் மீட்டர் ஏறுனா ஆறு ஆறரை டிகிரி கொறையும்னு எம்பேரன் புத்தகத்துல போட்டிருக்கு. புத்தகம் பாக்காமலே எங்கப்பாரு கம்பளி எடுத்துட்டுப் போவாரு. செருப்பு மட்டும் புதுசு போடாதீக. புதுச் செருப்புக்கு மலை ஏற ஆசை, ஒங்க குதிகாலுக்கு இல்ல. பழகுன பழசு, அடியில பல்லு இருக்கணும்.

அட்டைக்கா பயப்படுறீக? பாவம், அது ஒரு சொட்டு ரத்தத்துக்கு ஆசைப்படுது. வங்கிக்காரன் மாசா மாசம் எடுக்குறதுக்குப் பயப்படாதவுக. உப்பு கொஞ்சம் துணியில முடிஞ்சு வச்சுக்கங்க, காலுறைக்குள்ள கால்சட்டையச் சொருகிக்கங்க. கடிச்ச எடத்துல ரத்தம் நிக்காம ஒழுகும், அது எச்சில்ல உள்ள மருந்து அப்படி, ரத்தத்த உறைய விடாது. கழுவி அமுத்திப் புடிச்சா நின்னுரும். இதுக்குப் போயி ஊரக் கூட்ட வேண்டியதில்ல.

ஊரக் கூட்டுறதுன்னதும் ஞாபகம் வருது, அந்தப் பாட்டுப் பொட்டி. மலையில ஏன் பாட்டு வேணும்னு நான் கேக்கல. காடு சும்மா இருந்தா ஒங்களுக்குப் பயமா இருக்கும், நகரத்து ஆளுக. ஆனா பாறையில அடை அடையாத் தொங்குதே மலைத்தேனீ, அதுக்குச் சத்தமும் புடிக்காது, அடிச்சுட்டு வந்திருக்கீகளே அந்த செண்டு வாசமும் புடிக்காது. ஒண்ணு கொட்டுனா மத்ததுக்கு ஆள் விட்டுரும். காட்டுமாடு இருக்கு, ஆனை இருக்கு. அதுக வழியில நீங்க வந்திருக்கீகளே தவிர ஒங்க வழியில அதுக வரல. காட்டுமாட்டப் பாத்தா கிட்டப் போயி படம் புடிக்கிறவன் வீரன், ஒதுங்கி நிக்கிறவன் கோழை. கோழைக்குப் பேரன் பேத்தி உண்டு.

தாயி, ஒங்களுக்கு ஒரு சேதி, அவரு காதுல விழ வேண்டாம். மேல மறைவெடம்லாம் தேடிக்கிட்டு இருக்க முடியாது, மொகட்டுல சுத்தமா கெடையாது. ஏறுறதுக்கு முந்தி அடிவாரத்துலயே போயிட்டு வந்துருங்க, பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போங்க. அதுக்குப் பயந்துக்கிட்டு தண்ணி குடிக்காம ஏறுற பொம்பளைக நெறைய. அது கூடவே கூடாது.

குறிஞ்சி பூத்திருக்கான்னு கேக்குறீகளா? எல்லா வருசமும் எல்லாரும் கேக்குற கேள்வி. 2006-ல பூத்துச்சு, 2018-ல பூத்துச்சு. பன்னெண்டு வருசத்துக்கு ஒருக்க. 2030-ல வாங்க, அப்ப ஒங்க மக காலேசு போயிருக்கும், ஒங்களோட மலைக்கு வர மாட்டேன்னு சொல்லும். அதனால இப்ப கூட்டியாந்தது நல்லதுதான்.

2018-ன்னா எங்க ஊரு பூவ நெனைக்காது. அந்த வருசம் மார்ச் 11, ஞாயித்துக்கிழமை. மெட்ராசுலேருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துலேருந்தும் வந்த பிள்ளைக, முக்காவாசி ஒங்க வயசுக்கும் கீழ, கொளுக்குமலைப் பக்கமிருந்து எறங்கிக்கிட்டு இருந்தாக. காஞ்சு கெடந்த புல்லுல தீ புடிச்சுச்சு. 23 உசிரு போயிருச்சு. அடிவாரத்துலேருந்து எங்க ஆளுகதான் மொதல்ல ஏறுனாக, பெட்சீட்டுல தொட்டில் கட்டித் தூக்கியாந்தாக. எலிகாப்டரு, கமாண்டோ எல்லாம் அதுக்கப்புறம் வந்துச்சு. தீ மேட்டுப் பக்கம் ஏறுறப்ப மனுசன விட வேகமா ஓடும், கீழ எரியுற சூடு மேல இருக்குற புல்ல முன்கூட்டியே காய வச்சிரும். மேல ஓடித் தப்பிச்சவன் கொறைச்சல். புல்லில்லாத எடம், பாறை, ஏற்கனவே கருகுன எடம், ஓடைப் படுகை, இதுல எது கிட்ட இருக்கோ அதுக்குப் போகணும். மாசி, பங்குனியில இந்த மலை நடக்குற மலை இல்ல. அப்ப வர்றேன்னு எவரு சொன்னாலும் அனுப்பாதீக. எந்த மாசமா இருந்தாலும் தீப்பெட்டி மேல போகக்கூடாது. சிகரெட்டு இருந்தா இந்தக் கடையிலேயே குடுத்துட்டுப் போங்க மருமகனே. சட்டைப் பையில தெரியுது.

ம். டீ ஆறுது, குடிங்க.

குப்பையப் பத்தி நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. பன்னெண்டு சிப்சு பாக்கெட்டையும் மேலேயே விட்டுட்டு வாங்க. காட்டுமாடு அத முழுங்கிட்டு வயிறு அடைச்சுச் செத்துச்சுன்னா ஒங்க பேரச் சொல்லிச் சாகும். இல்லேன்னா ரெண்டாவது யோசனை ஒண்ணு இருக்கு. நெறஞ்ச பாக்கெட்டு பன்னெண்டத் தூக்கிட்டு ஏறுற ஒங்களுக்கு, காலிப் பாக்கெட்டு பன்னெண்டத் தூக்கிட்டு எறங்க முடியாமப் போயிருமா? வாழைப்பழத் தோலும் அதோட சேத்திதான். "அது மக்கிரும் பெருசு"ன்னு சட்டம் பேசாதீக. மக்குறதுக்குள்ள கொரங்கு வந்துரும், நாளைக்கு வர்ற பிள்ளை கையிலேருந்து புடுங்கும்.

எல்லாம் சொல்லிட்டேன். சோத்துப் பொட்டலம் இருக்கு, உப்பு கடையில வாங்கிக்கலாம், நாற்காலிய இங்கன விட்டுறலாம், சின்னவன் முன்னால, நீங்க பின்னால, ஒரு மணிக்குத் திரும்பிறணும். சீட்டு மட்டும் காட்டுங்க, பாத்துக்குறேன்.

எந்தச் சீட்டா? வனத்துறை அனுமதிச் சீட்டு மருமகனே!

வாங்கலையா? அடடா. வாங்கியிருப்பீகன்னு நெனைச்சுல்ல இம்புட்டு நேரம் மெனக்கெட்டுச் சொல்லிக்கிட்டு இருந்தேன். மொதல்லயே கேட்டிருக்கலாம்தான். கேட்டிருந்தா மொதல்லயே வண்டிய எடுத்திருப்பீக, நான் இந்தக் கதையெல்லாம் யாருகிட்டச் சொல்றது? 2024 அக்டோபர்ல அரசாங்கமே மலையேற்றத் திட்டம்னு ஒண்ணு ஆரம்பிச்சு, 14 மாவட்டத்துல 40 பாதையத் தொறந்து விட்டுச்சு. எளிசு, நடுத்தரம், கடுசுன்னு மூணு தரமாப் பிரிச்சிருக்காக. நம்ம குரங்கணி-சாம்பலாறு பாதையும் அதுல ஒண்ணு. போன்லயே பதியலாம். இந்தப் போன்ல எல்லாம் வாங்குறீக, அர்த்த ராத்திரியில பிரியாணி வாங்குறீக, இத வாங்கலையாக்கும். கூட வழிகாட்டியா வர்றது இந்த மலையிலேயே பொறந்து வளந்த பிள்ளைக. எந்தப் பாதை தொறந்திருக்கு, எது அடைச்சிருக்குன்னு பாத்துட்டு வரணும். தீக்காலத்துல அடைச்சிருவாக, அடைமழை புடிச்சாலும் அடைச்சிருவாக. பத்து வயசுக்குக் கீழ பிள்ளைக வச்சிருக்கிறவுக எளிசுன்னு போட்டிருக்கிறதத்தான் மொதல்ல பாக்கணும். எளிசுன்னதும் கேவலமா நெனைக்காதீக. அதுல நடந்துட்டு வந்து அப்புறம் மீசைய முறுக்குங்க.

என்ன யோசிக்கிறீக? தோட்டத்துப் பக்கமா ஒரு சந்து இருக்கு, அது வழியா ஏறிறலாம், எவரும் பாக்க மாட்டாகன்னா? பாக்க மாட்டாகதான். அதுதான் சங்கடமே. நீங்க மேல இருக்குறது எவருக்கும் தெரியாது. பொழுதடைஞ்சு ஒங்கள்ல ஒருத்தரு கால் பெசகி உக்காந்துட்டா, கீழ எங்ககிட்ட பேரும் இல்ல, கணக்கும் இல்ல. சீட்டுன்னா வெறும் காசு வாங்குற தாளுன்னு நெனைக்காதீக, இன்னைக்கு மேல எத்தன உசிரு போயிருக்கு, எத்தன எறங்கணுங்கிற கணக்கு அது.

மொகத்தத் தூக்கி வைக்காதீக. வந்த நாள் வீணாப் போகாது. ஆத்துப் பக்கம் போங்க. கொட்டகுடி ஆறு, வைகைக்குப் போற தண்ணி. பாறையில உக்காந்து புளிச்சோத்தத் தின்னுங்க. அந்த மடக்கு நாற்காலிக்கும் ஒரு வேலை கெடைச்சிரும். தண்ணி தெளிஞ்சு ஓடுறது திடீர்னு கலங்கி, செம்மண் நெறத்துல சருகும் குச்சியும் அடிச்சுக்கிட்டு வந்துச்சுன்னா, மேல எங்கயோ பேஞ்சிருக்குன்னு அர்த்தம். இங்க வெயில் அடிக்குதேன்னு பேசிக்கிட்டு நிக்காம பிள்ளைகளத் தூக்கிக்கிட்டுக் கரையேறிருங்க. சாயங்காலம் போடிக்குப் போனீகன்னா ஏலக்கா வாங்குங்க, அந்த ஊரே அதுலதான் மணக்குது. மெட்ராசுக்கு ரயிலும் இருக்கு, 2023 ஜூன்ல அகலப் பாதையில திரும்ப வந்துருச்சு. அடுத்த தடவை அதுல ஏறி ராத்திரியெல்லாம் தூங்கிட்டு வாங்க, வளைவுக்கு வளைவு வண்டி ஓட்டிக் களைச்சுப் போயி மலை ஏறாதீக.

சீட்டப் பதிஞ்சுட்டு, வெள்ளன ஆறு மணிக்கு வாங்க. நான் இங்கனதான் இருப்பேன். டீக்காச எங்கிட்டக் குடுக்க வேண்டாம் மருமகனே, கடைக்காரர்கிட்டக் குடுங்க. நாலு டீ, ஆறு வடை. எம் பங்கும் சேத்து அஞ்சு டீன்னு சொல்லிருங்க.